அதிகம் செலவழித்தால் அதிக நாள் வாழலாமா?

ஒன்பதாம் வகுப்புப் பொருளியலில் மேம்பாட்டை அளவிடுவது பற்றிய பாடம் வரும்போது, தலா வருமானம், கல்வி, ஆயுட்காலம் என மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் மனித மேம்பாட்டுக் குறியீட்டைச் சொல்லித் தருகிறோம். மாணவர்கள் இலக்கணத்தை எழுதிவிடுவார்கள். மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அவர்கள் மனதில் ஒரு கணக்கு மாறாமல் இருக்கும். பணம் இருக்கிற நாட்டில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும், பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் மக்கள் நீண்ட நாள் வாழ்வார்கள் என்பதுதான் அந்தக் கணக்கு. பெரியவர்களான நம்மில் பலருக்கும் அதே கணக்குதான்.

இந்தக் கணக்கைச் சோதித்துப் பார்க்கச் சில ஆண்டுகளாக நான்கு பாடவேளைகளை ஒதுக்கி வருகிறேன். சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு மட்டுமன்றி, கணக்கு, அறிவியல் ஆசிரியர்களுக்கும் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதேனும் இருக்கும் என்பதால் நடத்தும் முறையோடு இங்கே எழுதுகிறேன்.

முதல் பாடவேளை: பெயர் இல்லாத இரு நாடுகள்

கரும்பலகையில் இரண்டு நாடுகளை 'அ', 'ஆ' என்று மட்டும் எழுதுவேன். 2022ஆம் ஆண்டு நிலவரம் இது.

நாடு அ: ஒருவருக்கு ஓர் ஆண்டில் ஆகும் மருத்துவச் செலவு 12 ஆயிரம் டாலருக்கும் மேல். சராசரி ஆயுட்காலம் 77.5 ஆண்டுகள்.

நாடு ஆ: ஒருவருக்கு ஓர் ஆண்டில் ஆகும் மருத்துவச் செலவு 5 ஆயிரம் டாலரை ஒட்டி. சராசரி ஆயுட்காலம் 84 ஆண்டுகள்.

"டீச்சர், எண்ணை மாத்தி எழுதிட்டீங்க" என்று ஒரு குரலாவது வரும். எண்கள் சரிதான் என்று சொல்லிவிட்டு, எந்த நாடுகளாக இருக்கும் என்று ஊகிக்கச் சொல்வேன். 'அ' ஏதோ வசதி குறைந்த நாடு என்பார்கள் சிலர். உண்மையில் 'அ' என்பது அமெரிக்கா, 'ஆ' என்பது ஜப்பான். தன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 17 விழுக்காட்டுக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கும் நாடு அமெரிக்கா. உலகில் வேறெந்தப் பெரிய நாடும் அவ்வளவு செலவழிப்பதில்லை. ஜப்பான் செலவழிப்பது சுமார் 11 விழுக்காடு.

காரணத்துக்குப் போகும் முன் எண்களைப் படிக்கப் பழக்க வேண்டும். இரண்டு செய்திகளை இங்கே தெளிவுபடுத்திவிடுவது நல்லது.

முதலாவது, டாலர் ஒப்பீடு. அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதைவிட அதே மதிப்புள்ள ரூபாய்க்கு நம் ஊரில் அதிகம் கிடைக்கும். முடிவெட்டும் கூலி, ஒரு வேளைச் சாப்பாடு போன்றவற்றை எடுத்துக்காட்டினால் மாணவர்களுக்கு உடனே புரிகிறது. அதனால்தான் நாடுகளின் மருத்துவச் செலவை ஒப்பிடுவோர் வாங்கும் திறனுக்கு ஏற்பச் சரிசெய்த டாலரைப் பயன்படுத்துகிறார்கள். மேலே உள்ளவையும் அப்படிச் சரிசெய்த எண்களே.

இரண்டாவது, சராசரி ஆயுட்காலம். நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் ஏறத்தாழ 32 ஆண்டுகள் என்றால், "அப்ப 32 வயசுலயே எல்லாரும் செத்துடுவாங்களா? எங்க பாட்டியோட அம்மா எண்பது வயசு வரைக்கும் இருந்தாங்களே" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பத்துக் குழந்தைகள் பிறக்கின்றன, இரண்டு ஒரு வயதுக்குள் இறந்துவிடுகின்றன, மற்ற எட்டுப் பேரும் 70 வயது வரை வாழ்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு சராசரி கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 560ஐப் பத்தால் வகுத்தால் 56. ஐம்பத்தாறு வயதில் யாருமே இறக்கவில்லை. ஆனாலும் சராசரி 56. இளம் வயது இறப்புகள் சராசரியை எவ்வளவு கீழே இழுக்கும் என்பதை இந்த ஒரு கணக்கு காட்டிவிடும். பின்னால் வரும் செய்திக்கும் இதுவே திறவுகோல்.

இரண்டாம் பாடவேளை: செலவு ஏன் இவ்வளவு?

அமெரிக்கர்கள் அடிக்கடி மருத்துவரிடம் போகிறார்கள், அதனால்தான் செலவு என்பது மாணவர்கள் சொல்லும் முதல் காரணம். அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக நான்கு தடவை அளவில்தான் மருத்துவரைப் பார்க்கிறார். ஜப்பானியர் பத்துத் தடவைக்கும் மேல் பார்க்கிறார். ஆஸ்பத்திரிப் படுக்கைகள் அதிகமோ என்றால் அதுவும் இல்லை. ஆயிரம் பேருக்கு அமெரிக்காவில் மூன்று படுக்கைகூட இல்லை. ஜப்பானில் பன்னிரண்டுக்கும் மேல்.

அப்படியானால் மிஞ்சுவது விலை. அமெரிக்காவின் செலவு அதிகமாக இருப்பதற்கு முதன்மைக் காரணம் அங்குள்ள விலைகளே என்று ஊவ் ரைன்ஹார்ட் உள்ளிட்ட பொருளியலறிஞர்கள் 2003இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எடுத்துக்காட்டினார்கள். அதே ஸ்கேன், அதே அறுவை சிகிச்சை, அதே மாத்திரை அங்கே பெரும்பாலும் பல மடங்கு விலை.

இன்சுலினை எடுத்துக்கொள்ளலாம். நம் மாணவர் பலரின் வீட்டிலும் தெரிந்த மருந்து அது. 1921இல் கனடாவின் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் அதைக் கண்டறிந்தார்கள். காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 2018ஆம் ஆண்டு விலைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், நிறுவனங்கள் அறிவித்த விலைப்படி அமெரிக்காவில் ஓர் அலகு இன்சுலினின் சராசரி விலை 98.70 டாலர், வளர்ந்த நாடுகள் முப்பதுக்கும் மேற்பட்டவற்றில் சராசரி 8.81 டாலர். எத்தனை மடங்கு என்று மாணவர்களையே வகுக்கச் சொல்வேன். பதினொரு மடங்குக்கும் மேல் வரும். 2022இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, மெடிகேர் என்னும் முதியோர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் மாதத்துக்கு 35 டாலர் என்ற உச்சவரம்பு வந்தது.

விலை ஏன் இப்படி விலகிப் போகிறது? வாங்குபவர் யார் என்பதைப் பொறுத்தது அது. ஜப்பானில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் மருந்துக்கும் என்ன கட்டணம் என்பதை அரசு நாடு முழுவதற்கும் நிர்ணயிக்கிறது. சிகிச்சைக் கட்டணங்களை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்துகிறது. தனியார் மருத்துவமனையும் அந்தக் கட்டணத்தைத்தான் வாங்க வேண்டும். அமெரிக்காவில் எண்ணற்ற காப்பீட்டு நிறுவனங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மருத்துவமனையுடனும் தனித்தனியே பேரம் பேசுகின்றன. விலை கூடுவது ஒருபுறம் என்றால், அந்தப் பேரத்தையும் ரசீதுகளையும் கவனிக்கும் அலுவலகச் செலவு இன்னொருபுறம். மொத்த மருத்துவச் செலவில் நிர்வாகத்துக்கே அங்கு சுமார் 8 விழுக்காடு போகிறது. மற்ற வளர்ந்த நாடுகளில் அது ஏறத்தாழ 3 விழுக்காடு.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதற்கு நம் மாநிலமே ஒரு பாடம். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகள் அனைத்துக்குமான மருந்துகளை ஒப்பந்தப்புள்ளி கோரி, கம்பெனிப் பெயரைப் பாராமல் மருந்தின் பொதுப்பெயரில் மொத்தமாக வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் இருந்து மருத்துவமனைகள் தங்கள் கணக்குப் புத்தகத்தைக் காட்டி எடுத்துக்கொள்கின்றன. கேரளம், ராஜஸ்தான் போன்ற மாநிலங்களும் பின்னர் இந்த வழியில் கழகங்களை அமைத்தன. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாத்திரையை 'தரம் குறைந்தது' என்று மாணவர் வீட்டில் சொல்லக் கேட்டிருப்பார். விலை குறைவதற்குப் பேரம் பேசும் வலிமையும் ஒரு காரணம் என்பதை அவர் தெரிந்துகொள்ளட்டும்.

"அவ்வளவு வெலன்னு தெரிஞ்சும் அமெரிக்கா ஏன் டீச்சர் மாத்தல?" என்று ஒரு மாணவி கேட்டாள். ஒருவர் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரும் இன்னொருவருக்கு வருமானம். வருமானம் குறைவதை யாரும் விரும்ப மாட்டார்கள். வரலாற்றுக் காரணமும் ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் ஊதிய உயர்வுக்குக் கட்டுப்பாடு இருந்தது. ஆட்களை ஈர்க்க நிறுவனங்கள் சம்பளத்துக்குப் பதில் மருத்துவக் காப்பீட்டைத் தரத் தொடங்கின. அப்படி வேலையோடு ஒட்டிக்கொண்ட காப்பீடு இன்றும் பிரியவில்லை. வேலை போனால் காப்பீடும் போகலாம். முதியோருக்கும் ஏழைகளுக்கும் 1965இல் அரசுத் திட்டங்கள் வந்தன, 2010இல் இன்னொரு பெரிய சட்டம் வந்தது. அதன் பின்னும் இரண்டரைக் கோடிப் பேருக்குக் காப்பீடு இல்லை.

மூன்றாம் பாடவேளை: ஆயுள் ஏன் குறைவு?

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்க மருத்துவம் திறமை குறைந்தது அல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் பிழைத்திருக்கும் விகிதத்தில் அந்த நாடு முன்வரிசையில் இருக்கிறது. அரிய நோய்க்கு அங்கு கிடைக்கும் சிகிச்சை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஆயுட்காலம் குறைவதன் காரணங்களில் பல, ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கின்றன.

2021இல் போதைப்பொருள் அளவு மீறியதால் மட்டும் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். துப்பாக்கிச் சூடு, சாலை விபத்து ஆகியவற்றிலும் மற்ற செல்வ நாடுகளைவிட அங்கே இறப்பு அதிகம். இறப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள், நடு வயதினர். முதல் நாள் போட்ட சராசரிக் கணக்கை இப்போது திரும்ப எடுக்கலாம். 80 வயது வரை வாழ வேண்டிய ஒருவர் 30 வயதில் இறந்தால் 50 ஆண்டுகள் இழப்பு. அதை ஈடுகட்ட, ஐம்பது முதியவர்களின் வாழ்நாளை ஆளுக்கு ஓராண்டு நீட்டிக்க வேண்டும். எவ்வளவு விலை உயர்ந்த சிகிச்சையாலும் அது எளிதல்ல.

உடல் பருமன் இன்னொன்று. அமெரிக்க வயது வந்தோரில் பத்தில் நான்கு பேருக்கு உடல் பருமன். ஜப்பானில் இருபதில் ஒருவர் என்ற அளவுதான். கொரோனாக் காலத்தில் இந்தப் பலவீனங்கள் எல்லாம் சேர்ந்து வெளிப்பட்டன. 2019இல் 78.8 ஆண்டுகளாக இருந்த அமெரிக்க ஆயுட்காலம் 2021இல் 76.4க்கு இறங்கியது.

சராசரிக்குள் ஒளிந்திருக்கும் வேறுபாட்டையும் காட்ட வேண்டும். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு மகப்பேறு தொடர்பான இறப்பு வெள்ளையினப் பெண்களிடையே 26.6, கறுப்பினப் பெண்களிடையே 69.9. ஒரே நாடு, ஒரே பணம், ஒரே ஆண்டு. நாட்டின் சராசரியை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

ஜப்பான் என்ன செய்தது? 1950களிலும் 60களிலும் அங்கே இறப்புக்கு முதல் காரணம் பக்கவாதம். உப்பு மிகுந்த உணவு அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஊர் ஊராக இரத்த அழுத்தம் பார்த்தார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். பக்கவாத இறப்பு வெகுவாகக் குறைந்தது. 1961இல் எல்லாக் குடிமக்களும் காப்பீட்டுக்குள் வந்தார்கள். கருவுற்ற தாய்க்கு 1948 முதல் தாய்-சேய் நலக் கையேடு தரப்படுகிறது. 1954இல் பள்ளி உணவுக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அங்கே மதிய உணவு வேளையும் பாடவேளைதான். மாணவர்களே பரிமாறி, உணவைப் பற்றி அறிந்துகொண்டு உண்கிறார்கள்.

நான்காம் பாடவேளை: குறைந்த செலவில் நல்ல உடல்நலம்

ஜப்பானும் பணக்கார நாடுதானே என்று மாணவர்கள் கேட்கக்கூடும். எனவே அடுத்து இரண்டு சிறிய நாடுகள். மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகா, தலைக்கு அமெரிக்கா செலவழிப்பதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் செலவழிப்பதில்லை. ஆயுட்காலமோ 80ஐ ஒட்டி. 1941இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தை உருவாக்கி, 1948இல் இராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு அது. 1990களின் நடுவில் இருந்து ஒவ்வொரு பகுதிக்கும் மருத்துவர், செவிலியர், வீடுவீடாகச் செல்லும் பணியாளர் கொண்ட சிறு குழுக்களை அமைத்தது. இலங்கை செலவழிப்பது அமெரிக்காவின் செலவில் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயுட்காலம் அமெரிக்காவை ஏறத்தாழ எட்டிவிட்டது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய பொதுச் சுகாதாரப் பிரிவு முறை, கிராமம் வரை சென்ற பயிற்சி பெற்ற மருத்துவிச்சிகள், கட்டணமில்லா அரசு மருத்துவமனைகள் ஆகியவை அங்கே மகப்பேறு இறப்பைத் தொடர்ந்து குறைத்தன. 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது.

'குறைந்த செலவில் நல்ல உடல்நலம்' என்ற பொருளில் 1985இல் ஓர் ஆய்வறிக்கை வெளிவந்தது. சீனா, கோஸ்டாரிகா, இலங்கை, நம் அண்டை மாநிலமான கேரளம் ஆகிய நான்கும் அதில் ஆராயப்பட்டன. 2011இல் அதன் தொடர்ச்சியாக வெளிவந்த நூல் எடுத்துக்கொண்ட இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. இருபத்து நான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள், கிராம சுகாதார செவிலியர்கள், பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம், மேலே சொன்ன மருந்துக் கொள்முதல் ஆகியவை நம் மாநிலத்தின் பலங்கள். 2018-20 காலத்தில் இந்தியாவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19. பெருமைப்படவும், இன்னும் போக வேண்டிய தூரத்தை அறியவும் இந்த மூன்று எண்களும் போதும்.

முதல் ஆய்வின் இடங்களில் பொதுவாக இருந்த ஒரு கூறு ஆசிரியர்களாகிய நாம் கவனிக்க வேண்டியது: பெண் கல்வி. ஜான் கால்டுவெல் என்ற மக்கள்தொகை அறிஞர் நைஜீரியாவின் தரவுகளைக் கொண்டு 1979இல் எழுதிய கட்டுரையில், தாய் படித்த பள்ளி ஆண்டுகள் கூடக் கூடக் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்று காட்டினார். குடும்ப வருமானத்தால் மட்டும் அதை விளக்கிவிட முடியவில்லை. படித்த தாய் காய்ச்சல் வந்ததும் மருத்துவமனைக்குப் போகிறாள், சொன்னதைக் கேட்டுத் திருப்பிக் கேள்வி கேட்கிறாள், வீட்டில் தன் பேச்சை எடுபடச் செய்கிறாள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட இருந்த ஒரு மாணவியைப் பத்தாம் வகுப்பு வரை கொண்டுவர நாம் அலைந்த அலைச்சல் எந்தச் சுகாதாரச் செலவுக் கணக்கிலும் வராது. ஆனால் அதன் பயன் ஆயுட்காலக் கணக்கில் வருகிறது.

யார் கையில் இருந்து போகிறது?

மொத்தச் செலவு எவ்வளவு என்பதோடு, நோய் வந்த நேரத்தில் அது யார் கையில் இருந்து போகிறது என்பதும் முக்கியம். இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகக் கைக்காசைக் கொடுத்த பங்கு 2013-14இல் 64.2 விழுக்காடு. 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது. குறைந்த பின்னும் நூற்றில் நாற்பது ரூபாய் குடும்பத்தின் பையில் இருந்துதான் போகிறது. அடகுக் கடைக்குப் போன நகை, விற்ற ஆடு மாடு, நின்றுபோன படிப்பு எல்லாம் இந்த நாற்பதுக்குள் இருக்கின்றன.

காப்பீட்டை விளக்கும்போது மாணவர்கள் அதைச் சீட்டு போலப் புரிந்துகொள்கிறார்கள். சீட்டில் போட்ட பணம் எல்லோருக்கும் ஒருநாள் திரும்பி வரும். காப்பீட்டிலும் வரியிலும் நோய் வந்தவருக்கு மட்டும் போகும். நோய் வராதவர் தன் பங்கைத் திரும்பக் கேட்பதில்லை. 1883இல் ஜெர்மனி தொழிலாளர்களிடமும் முதலாளிகளிடமும் பங்கு வாங்கிக் காப்பீடாகத் தொடங்கியது. பிரிட்டன் 1948 ஜூலை 5 அன்று வரிப்பணத்தில் தேசிய மருத்துவச் சேவையைத் தொடங்கியது. தாய்லாந்து 2002இல் எல்லாருக்குமான திட்டத்தைக் கொண்டுவந்தது. வழிகள் வேறு. நோயாளி படுக்கையில் இருக்கும்போது பணம் தேடி ஓடக் கூடாது என்பது மூன்றுக்கும் பொது.

இந்தப் பகுதியை நடத்தும்போது ஓர் எச்சரிக்கை தேவை. "உங்க வீட்டுல ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று வகுப்பில் யாரையும் கேட்க வேண்டாம். கடனில் இருக்கும் வீட்டுப் பிள்ளை கூனிக் குறுகிப் போகும். தானாகத் தனியே வந்து சொல்லும் மாணவர் இருப்பார். அவர் குடும்பத்துக்கு அரசுக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று விசாரித்து, இல்லையென்றால் விண்ணப்பிக்க வழிகாட்டினால் அதுவே அந்தப் பாடத்தின் செய்முறை.

மற்ற வகுப்புகளில்

தொடக்க வகுப்புகளில் டாலரும் விழுக்காடும் வேண்டாம். தடுப்பூசி அட்டையை வீட்டில் பார்த்து, எந்த மாதத்தில் எந்த ஊசி என்று வரிசைப்படுத்தி வரச் சொல்லலாம். குடற்புழு நீக்க மாத்திரை தரும் நாளில், ஒரு மாத்திரை எத்தனை நாள் வயிற்று வலியையும் விடுப்பையும் தடுக்கிறது என்று பேசலாம். காலை உணவும் மதிய உணவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே என்பதை உணவு வேளையில் சொல்லலாம்.

கணக்கு ஆசிரியர்கள் பத்து நாடுகளின் தலா வருமானத்தைக் கிடைமட்ட அச்சிலும் ஆயுட்காலத்தைச் செங்குத்து அச்சிலும் குறிக்கச் சொல்லலாம். முதலில் சரசரவென்று ஏறும் கோடு, ஓரளவு வருமானத்துக்குப் பின் ஏறக்குறையப் படுத்துவிடும். சாமுவேல் பிரெஸ்டன் 1975இல் காட்டிய வளைவு இது. ஏழை நாட்டுக்குக் கொஞ்சம் பணம் கூடினாலும் ஆயுள் வேகமாகக் கூடும் என்பதும், அதன் பின் பணம் மட்டும் போதாது என்பதும் அந்தக் கோட்டிலேயே தெரியும். கோட்டுக்கு மேலே நிற்கும் நாடு எது, கீழே நிற்கும் நாடு எது என்று தேடுவது நல்ல பயிற்சி.

நான்காம் பாடவேளையின் இறுதியில் குழுக்களுக்கு ஒரு வேலை தருவேன். ஒரு கிராமத்தின் உடல்நலத்துக்கு நூறு ரூபாய் இருக்கிறது. பெரிய மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம், குடிநீரும் கழிப்பறையும், தடுப்பூசி, சத்துணவு, பெண் கல்வி ஆகிய ஆறுக்கும் பிரித்துக் கொடுத்து, காரணமும் எழுத வேண்டும். பெரிய மருத்துவமனைக்கு ஒன்றுமே ஒதுக்காத குழுவிடம், மாரடைப்பு வந்தவரை எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேட்பேன். அதற்கே எண்பது ரூபாய் ஒதுக்கிய குழுவிடம், மற்ற ஐந்துக்கும் மீதியை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்பேன். அழித்து அழித்து எழுதுவார்கள். இதற்கு ஒரே சரியான விடை கிடையாது என்பதால் மதிப்பெண்ணைக் காரணத்துக்குத்தான் தருகிறேன். உங்கள் பள்ளியில் செய்து பார்க்கும்போது உங்கள் ஊரின் தேவைக்கேற்ப அந்த ஆறையும் மாற்றிக்கொள்ளுங்கள்.